வெந்த மண்ணில் என்ன பிழைக்கும்?

அன்புள்ள ஐயா,

அக்னி நட்சத்திரம் தொடங்கியதிலிருந்து திண்ணையைப் பெருக்கி மாளவில்லை. "இந்த வெயிலில் எந்தக் கிருமி பிழைக்கும்? வெறும் வெந்த மண், விடு" என்கிறார் என் மாமியார். உண்மையா?

வாசகி, குடியாத்தம்

அன்புள்ள சகோதரி,

மாமியார் சொல்வது பாதி சரி. வறட்சியும் புற ஊதாக் கதிரும் ஏராளமான நுண்ணுயிர்களைக் கொன்றுவிடுகின்றன. தப்பிப்பவை லேசுப்பட்டவை அல்ல. பேசில்லஸ் வகைப் பாக்டீரியாக்கள் நிலைமை மோசமானதும் தடித்த உறைக்குள் வித்தாக முடங்கிக்கொள்ளும். கொதிநீருக்கே சாகாத வித்துகள் உண்டு. நம் 42 டிகிரி எம்மாத்திரம்? சில பூஞ்சைகள் மெலனின் என்ற கருநிறமியால் வெயிலைத் தாங்குகின்றன. மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவரில் கறுத்துப் படர்ந்திருப்பதில் அவற்றுக்கும் பங்குண்டு.

அமெரிக்காவில் சுமார் 1,200 வீடுகளில், வெளிக்கதவு நிலையின் மேல்சட்டத்துத் தூசியை வீட்டுக்காரர்களே பஞ்சுக்குச்சியால் ஒற்றி ஆய்வாளர்களுக்கு அனுப்பினார்கள். நம் வீடுகளில் ஆயுத பூஜைக்கு மட்டும் துணி படும் இடம் அது. தூசி சேகரிக்க அதைவிடத் தோதான இடம் ஏது? 2015இல் முடிவு வெளியானது. வெப்பம், மழை, மண்ணின் அமிலத்தன்மை ஆகியவற்றைப் பொறுத்துத் தூசியில் குடியிருப்பவை மாறுகின்றன. நகரத்துத் தூசிகள் மட்டும் ஒன்றுக்கொன்று அதிகம் ஒத்திருந்தன. எனக்கு அது வியப்பாக இல்லை. நகரங்களே அப்படித்தானே ஆகிவிட்டன.

தூசிக்கெல்லாம் பாலாற்றைத் திட்டுவது நம் மாவட்டத்து வழக்கம். ஆற்றுமணல் கனமானது, தொலைவு போகாது. உங்கள் திண்ணைக்கு வருவது பெரும்பாலும் வறண்ட ஏரியின் வண்டலும் உழுதுபோட்ட கொல்லையின் நுண்மண்ணுமாக இருக்கும். நுண்ணுயிர்கள் அந்தத் துகள்களில் தொற்றிக்கொண்டு பயணிக்கின்றன.

மழை வந்ததும் ஆட்டம் மாறும். முதல் மழையில் கிளம்பும் மண்வாசனைக்கு ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற பாக்டீரியாக்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் முக்கியக் காரணம். அதில் பயமில்லை. மண்ணிலிருந்து தொற்றும் மெலியாய்டோசிஸ் என்ற கடும் நோயைத் தரும் பாக்டீரியாதான் வேறு ரகம். வெயிலும் வறட்சியும் அதற்கு ஆகாது. மண்ணின் ஆழத்து ஈரத்தில் காத்திருந்து மழைக்காலத்தில் மேலே வரும். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் இந்நோயைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். சர்க்கரை நோயாளிகளைத்தான் அது அதிகம் தாக்குகிறது.

ஆகவே இப்போதைக்குத் தண்ணீர் தெளித்துவிட்டுப் பெருக்குங்கள், மூக்கை முந்தானையால் மூடிக்கொள்ளுங்கள். மாமியாருக்குச் சர்க்கரை இருந்தால், மழை பெய்தபின் காலில் புண்ணோடு செருப்பில்லாமல் கொல்லையில் இறங்க விடாதீர்கள்.