ஓர் ஃபுட்பால் அணி எவ்வளவு பிரபலமோ அவ்வளவுக்கு அதன் ஜெர்சியும் தொப்பியும் விற்குமா? அந்தக் காசு அந்த அணிக்கே போகுமா?

விற்கும். ஆனால் கேள்வியின் இரண்டாம் பாதிதான் சுவாரசியமானது. அமெரிக்காவைப் பொறுத்தவரை அதற்குப் பதில் "பெரும்பாலும் போகாது". நான் டல்லாஸ் பக்கம் குடியிருப்பவன், எனக்கு நன்றாகத் தெரிந்தது என்.எஃப்.எல். எனப்படும் அமெரிக்கக் கால்பந்து லீக் (பந்தைக் கையில் பிடித்து ஓடும் ஆட்டம், நம்மூர்க் கால்பந்து இல்லை). அதை வைத்தே சொல்கிறேன். மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள் கோபிக்க வேண்டாம், அதற்கும் வருகிறேன்.

படிக்கிற காலத்தில் வார இறுதிகளில் இங்கே ஒரு விளையாட்டுப் பொருள் கடையில் வேலை பார்த்தேன். உள்ளே நுழைந்ததும் ஒரு சுவர் முழுக்க டல்லாஸ் கவ்பாய்ஸ் அணியின் நீல நட்சத்திரம்தான். ஜெர்சி, தொப்பி, கைக்குழந்தைக்குப் பால்புட்டி, நாய்க்குக் கழுத்துப்பட்டை வரை எல்லாவற்றிலும் அதே நட்சத்திரம். மீதி 31 அணிகளுக்கும் சேர்த்துப் பின்பக்கம் ரெண்டு ரேக். ஹூஸ்டன் டெக்ஸன்ஸும் இதே மாநிலத்து அணிதான், ஆனாலும் அவர்களுக்கும் அந்தப் பின்பக்க ரேக்தான் கதி. கவ்பாய்ஸ் தோற்ற வாரம் வாடிக்கையாளர்கள் அணியை வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். திட்டிக்கொண்டே பில் போடுவார்கள். தாத்தா, அப்பா, பேரன் என்று மூன்று தலைமுறையாக வந்து நிற்கும் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள் நிறைய. அந்த வீடுகளில் எந்த அணிக்கு ரசிகர் என்று யாரும் யோசித்துத் தேர்ந்தெடுப்பதில்லை, பிறக்கும்போதே முடிவான விஷயம் அது.

இத்தனைக்கும் கவ்பாய்ஸ் கடைசியாக சூப்பர் பவுல், அதாவது லீக்கின் இறுதிப் போட்டி, வென்றது 1996 ஜனவரியில். அதற்குப் பிறகு சூப்பர் பவுலுக்கு முந்தைய சுற்றைக்கூட அவர்கள் எட்டியதில்லை. அந்தக் கோப்பையைக் கண்ணால் பார்க்காத ஒரு தலைமுறையே வளர்ந்து, வேலைக்குப் போய், தன் பிள்ளைகளுக்கு நட்சத்திர ஜெர்சி வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. ஃபோர்ப்ஸ் பத்திரிகையின் பட்டியலில் 2016 முதல் உலகின் மிக மதிப்புள்ள விளையாட்டு அணி இதுதான். 2024-இல் அந்த மதிப்பு ஆயிரம் கோடி டாலரைத் தாண்டியது.

இது எப்படி நடந்தது என்று பார்த்தால், ஆட்டத்தைவிட டிவிக்குத்தான் அதிகப் பங்கு. 1966-லிருந்து நன்றி செலுத்தும் நாளன்று டல்லாஸில் ஆட்டம் நடத்துகிறார்கள். அன்றைக்கு நாடே விடுமுறையில் வீட்டில் உட்கார்ந்து வான்கோழி சாப்பிடுகிறது. இடையில் ஓரிரு ஆண்டுகள் தவிர, அத்தனை வீட்டுத் திரையிலும் இந்த அணி. 1978 சீசனின் தொகுப்புப் படத்தில் இவர்களுக்கு 'அமெரிக்காவின் அணி' என்று பெயர் சூட்டினார்கள், அது அப்படியே ஒட்டிக்கொண்டது. எல்லைக்கு அந்தப் பக்கமும் அலை போனது. 1994 ஆகஸ்டில் மெக்சிகோ நகரத்து அஸ்டெகா மைதானத்தில் கவ்பாய்ஸும் அப்போதைய ஹூஸ்டன் ஆயிலர்ஸும் ஆடிய ஆட்டத்துக்கு 1,12,376 பேர் வந்தார்கள். புள்ளிக் கணக்கில் சேராத வெறும் காட்சி ஆட்டம் அது!

வெற்றிக்கும் விற்பனைக்கும் நேர்க்கோட்டு உறவு இல்லை என்பதற்கு எனக்குப் பிடித்த இன்னொரு உதாரணம் ரெய்டர்ஸ் அணி. 1982-இல் ஓக்லாந்திலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபெயர்ந்தார்கள், 1984 ஜனவரியில் சூப்பர் பவுல் வென்றார்கள், அப்புறம் அந்த ஊரில் இருந்தவரை மறுபடி வெல்லவே இல்லை. ஆனால் எண்பதுகளின் கடைசியில் லாஸ் ஏஞ்சல்ஸ் ராப் பாடகர்கள் அவர்களுடைய கறுப்பு வெள்ளித் தொப்பியையும் ஜாக்கெட்டையும் மாட்டிக்கொண்டார்கள். ஒரே ஓர் ஆட்டம்கூடப் பார்க்காத பையன்கள் நாடு முழுக்க அந்தத் தொப்பியை வாங்கினார்கள்.  கண்ணில் துணி கட்டிய கடற்கொள்ளைக்காரன் படமும் அந்த நிறமும் போதுமானதாக இருந்தன.

தனி மனிதரின் பிரபலம் வேறு மாதிரி வேலை செய்யும். நட்சத்திர வீரர் டாம் பிராடி 2020-இல் நியூ இங்கிலாந்து அணியை விட்டுத் தாம்பா பே அணிக்குப் போனார். அதுவரை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத அணி. அந்த ஆண்டு வீரர்கள் சங்கத்தின் விற்பனைப் பட்டியலில் முதல் இடம் பிராடிக்கு. 2023 செப்டம்பர் 24-ஆம் தேதி இன்னும் வேடிக்கை: கான்சஸ் சிட்டி வீரர் டிராவிஸ் கெல்சியின் ஆட்டத்தைப் பார்க்கப் பாப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் வந்து உட்கார்ந்தார், அவ்வளவுதான், கெல்சியின் ஜெர்சி விற்பனை ஏறக்குறைய 400 சதவீதம் கூடியதாக, விளையாட்டு உடைகள் விற்கும் ஃபனாடிக்ஸ் நிறுவனம் சொன்னது. கெல்சி அதற்கு முன்பே இரண்டு சூப்பர் பவுல் வென்றவர் என்பதை இங்கே ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது.

கடைக்காரர்களுக்கு இந்தத் திடீர் ஏற்றம் தலைவலி. சரக்குக்கு ஆர்டர் பல மாதங்களுக்கு முன்பே போயிருக்கும். கேட்கும்போது கையிருப்பு இருக்காது, வந்து சேரும்போது மோகம் தீர்ந்திருக்கும், இல்லையென்றால் அந்த வீரர் வேறு அணிக்குப் போயிருப்பார். பெயர் போட்ட ஜெர்சியைத் தேங்கவிட்டால் பாதி விலைக்கும் போகாது. வெறும் அணிச் சின்னம் போட்ட தொப்பியோ அடுத்த வருஷமும் விற்கும். அதனால் எங்கள் கடை மேனேஜர் நட்சத்திர வீரர்களின் ஜெர்சியைக் கஞ்சத்தனமாகவும் தொப்பியைத் தாராளமாகவும் வாங்கிப் போடுவார். இதே அவசரத்தின் உச்சம் சூப்பர் பவுல் இரவு. ஆட்டம் முடிந்த நிமிஷமே விற்பனை தொடங்க வேண்டும் என்பதால் இரண்டு அணிகளுக்கும் 'சாம்பியன்' சட்டையை முன்கூட்டியே அச்சடித்துவிடுவார்கள். தோற்றவர்களின் சட்டை அமெரிக்காவில் விற்பனைக்கு வராது, தொண்டு நிறுவனங்கள் வழியாக வெளிநாடுகளுக்குப் போய்விடும்.

சரி, காசுக்கு வருவோம்.

என்.எஃப்.எல். 1963-இல் தன் அணிகளின் பெயர், சின்னம் எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து உரிமம் கொடுத்து விற்க என்.எஃப்.எல். பிராப்பர்டீஸ் என்று ஒரு நிறுவனம் தொடங்கியது. தயாரிப்பாளர் சின்னத்தைப் பயன்படுத்த லீக்குக்கு ராயல்டி என்ற கட்டணம் கட்டுவார், லீக் அதை எல்லா அணிகளுக்கும் சமமாகப் பிரிக்கும். இன்றைக்கு 32 அணிகள். அதாவது கான்சஸ் சிட்டி ஜெர்சி பத்து லட்சம் விற்றாலும், ஜாக்சன்வில் ஜெர்சி தூசி படிந்து தொங்கினாலும், ராயல்டியில் இரண்டு பேருக்கும் ஒரே பங்கு. டிவி உரிமப் பணமும் இப்படித்தான், அது இதைவிடப் பல மடங்கு பெரிய தொகை.

இதைக் கேட்டதும் அநியாயம் என்று தோன்றும். கிரீன் பே என்ற ஊரைப் பாருங்கள். மக்கள்தொகை சுமார் ஒரு லட்சம். அங்கே பேக்கர்ஸ் என்ற அணி ரசிகர்களே பங்குதாரர்களாக இருந்து நடத்துவது, அதனால் ஆண்டுக் கணக்கை வெளியிடுகிறார்கள். சமீப ஆண்டுகளில் லீக்கிலிருந்து மட்டும் அவர்களுக்கு வருவது ஆண்டுக்கு 40 கோடி டாலருக்கு மேல். அந்தப் பங்கு நின்றுபோனால் அவ்வளவு சிறிய ஊரில் இந்த மாதிரி ஓர் அணி நிலைக்காது என்பது என் அபிப்பிராயம். இந்தப் பேக்கர்ஸ் ரசிகர்கள் தலையில் வைத்துக்கொள்ளும் சீஸ் துண்டு வடிவத் தொப்பி இருக்கிறதே, அது அணி கண்டுபிடித்த பொருளே இல்லை. 1987-இல் மில்வாக்கீக்காரர் ஒருவர் வீட்டு சோஃபா ஸ்பாஞ்சை வெட்டிச் செய்தது. முதலில் போட்டுக்கொண்டு போனது ஒரு பேஸ்பால் ஆட்டத்துக்கு! அது விற்று விற்று, கடைசியில் 2023-இல் பேக்கர்ஸ் அந்தக் கம்பெனியையே விலைக்கு வாங்கியது.

சமபங்கை எதிர்த்து நின்றவர் கவ்பாய்ஸ் முதலாளி ஜெர்ரி ஜோன்ஸ். 1989-இல் அணியை வாங்கியவர், எண்ணெய்க் கிணறு தோண்டிச் சம்பாதித்த மனிதர். அதிகம் விற்கிற சின்னம் என்னுடையது, அதன் காசை ஏன் எல்லோரும் தின்ன வேண்டும் என்பது அவர் வாதம். அணியின் உரிமம் லீக்கிடம் இருந்தது, ஆனால் மைதானத்தின் உரிமம் அவரிடம் இருந்தது. அந்தச் சந்தில் புகுந்தார். அப்போது லீக்கின் அதிகாரபூர்வக் குளிர்பானம் கோகோ கோலா, இவர் தன் அணியின் அன்றைய மைதானமான டெக்ஸஸ் ஸ்டேடியத்துக்குப் பெப்சியோடு ஒப்பந்தம் போட்டார். 1995 செப்டம்பரில் நைக்கியோடு. அந்த ஒப்பந்தத்தை அறிவித்த இரவு, நைக்கி அதிபர் ஃபில் நைட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நேரலை ஒளிபரப்பில் மைதான ஓரமாக நடந்து வந்தார். லீக் 30 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. இவர் திருப்பி 75 கோடி கேட்டுப் போட்டார். 1996 கடைசியில் இரு தரப்பும் சமாதானமாகி வழக்குகளை வாபஸ் வாங்கின, ஜோன்ஸின் ஒப்பந்தங்கள் அப்படியே நின்றன. 2000-களின் தொடக்கத்தில் கவ்பாய்ஸ் தன் சரக்கைத் தானே தயாரித்து விநியோகிக்கும் ஏற்பாட்டுக்கும் லீக் இறங்கி வந்தது. இன்றுவரை அந்தப் பொதுப் பங்கீட்டுக்கு வெளியே நிற்கும் ஒரே அணி அதுதான். ஆக, பிரபலத்தின் முழு விலையும் கையில் கிடைக்க ஜோன்ஸ் கோர்ட்டு வரை போக வேண்டியிருந்தது.

கோர்ட்டு என்றதும் ஞாபகம் வருகிறது, அமெரிக்கன் நீடில் வழக்கு. பல ஆண்டுகளாக இந்த அணிகளுக்குத் தொப்பி தைத்த கம்பெனி அது. 2000-இல் லீக் தொப்பி உரிமத்தை ரீபாக் என்ற கம்பெனிக்கு மட்டும் என்று கொடுத்துவிட, இவர்கள் வழக்குப் போட்டார்கள். நாங்கள் 32 பேரும் ஒரே நிறுவனம் மாதிரி, எங்களுக்குள் கூட்டுச் சதி என்ற பேச்சே எழாது என்றது லீக். 2010-இல் உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அதை மறுத்தது. சின்னத்தைப் பொறுத்தவரை ஒவ்வோர் அணியும் தனித் தனி வியாபாரிதான் என்பது தீர்ப்பு. ஆனாலும் ஒரே கம்பெனிக்குக் கொடுக்கும் வழக்கம் போய்விடவில்லை. 2012-இல் ஆட்டச் சீருடை நைக்கி கைக்கு வந்தது, 2020 முதல் ரசிகர்களுக்கான நைக்கி ஜெர்சியைத் தயாரித்து விற்பது ஃபனாடிக்ஸ்.

ஐரோப்பாவில் இந்தச் சமபங்கு கிடையாது, ஒவ்வொரு கிளப்பும் தானே பேரம் பேசிக்கொள்ளும். 2014-இல் மான்செஸ்டர் யுனைடெட் அடிடாஸோடு பத்து ஆண்டுக்கு 75 கோடி பவுண்டு ஒப்பந்தம் அறிவித்தது, 2023-இல் அதை 2035 வரை நீட்டித்தபோது குறைந்தபட்சத் தொகை 90 கோடி. பிரபலத்துக்கான விலை அங்கே ஒப்பந்தம் போடும் அன்றே முடிவாகிவிடுகிறது. தொடர்ந்து இரண்டு சீசன் சாம்பியன்ஸ் லீக் என்ற ஐரோப்பியப் போட்டியில் ஆடாவிட்டால் ஆண்டுத் தொகையில் 30 சதவீதம் வரை குறைக்கலாம் என்ற நிபந்தனையும் அந்த முதல் ஒப்பந்தத்தில் இருந்தது, அதாவது அடிடாஸுக்கும் வெறும் பெயர் போதவில்லை. ரொனால்டோவை வாங்கிய காசை ஜெர்சி விற்றே எடுத்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் கதையை நம்பாதீர்கள். ஜெர்சி விலையில் பெரும்பகுதி தயாரிப்பாளருக்கும் கடைக்கும் போய்விடும், கிளப்புக்கு வருவது சின்ன ராயல்டிதான். பெரிய வீரர் வந்தால் அடுத்த ஒப்பந்தப் பேரத்தில் கிளப்பின் கை ஓங்கும், ஆதாயம் அந்த வழியாகத்தான்.

உங்கள் கேள்விக்குள் "என் காசு என் அணிக்குப் போக வேண்டும்" என்ற ஆசை இருந்தால் ஒரு வழி இருக்கிறது. என்.எஃப்.எல். அணி சொந்தமாகக் கடை நடத்தினால், அதன் சில்லறை லாபம் அணிக்கே. பொதுப் பங்குக்குப் போவது ராயல்டி மட்டும். ஆகவே பேக்கர்ஸ் ரசிகர் என்றால் அவர்களுடைய லாம்போ மைதானத்துக் கடையிலேயே வாங்குங்கள். கவ்பாய்ஸ் என்றால் எங்கே வாங்கினாலும் ஜோன்ஸ் குடும்பத்துக்குப் போய்ச் சேரும்.