19ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு எட்சிங் (தகட்டில் கோடுகளை அமிலத்தால் அரித்து, அதில் மையிட்டு அச்சிடும் முறை) தொகுப்புகளின் தலைப்புப் பக்கத்தில் பெரிய எழுத்துகளை எப்படிக் கொண்டுவந்தார்கள்? தகட்டில் திருப்பித்தான் எழுதினார்களா?

ஆம், தகட்டில் எழுத்து இடவலம் மாறித்தான் இருக்க வேண்டும். ஆனால் கையால் திருப்பி எழுதியே ஆக வேண்டும் என்பதில்லை.

பிரெஞ்சு எட்சிங் கலைஞர் சார்ல் மெரியோனின் பாரிஸ் தொகுப்புக்கு 1852இல் வந்த தலைப்புத் தகட்டைப் பாருங்கள். பாசியின் தடம் பதிந்த, பாரிஸின் மோன்மார்த்ர் பகுதிக் குவாரிக் கல், அதன்மேல் ‘ஓ-ஃபோர்ட் சூர் பாரி’ என்ற பெயர். ஓ-ஃபோர்ட் என்றால் ‘வலுவான நீர்’, அதாவது நைட்ரிக் அமிலம். பிரெஞ்சில் எட்சிங்குக்கும் அதுதான் பெயர். நகரத்தைக் கட்டிய கல்லையே முகப்பாக வைத்தது அபாரமான யோசனை.

செப்புத் தகட்டைச் சூடாக்கி, தேன்மெழுகும் நிலக்கீலும் பிசினும் கலந்த பூச்சை மெல்லிசாகப் பரப்பி, மெழுகுத் திரிப் புகையில் கருப்பாக்குவார்கள். மெல்லிய தாளில் மென்பென்சிலால் நேராக எழுதி, ஈரப்படுத்தி, பூச்சின்மேல் கவிழ்த்து அச்சு உருளையில் ஒருமுறை ஓட்டினால் போதும். கரும்பூச்சின்மேல் எழுத்து வெள்ளி நிறத்தில், திரும்பிய நிலையில் ஒட்டியிருக்கும். அதன் மேலேயே ஊசி ஓடி, பூச்சைக் கீறிச் செம்பைத் திறக்கும்; திறந்த இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும்.

பலரும் கோட்டை விடுவது தடித்த எழுத்தில்தான். எழுத்தின் உட்பகுதி முழுவதையும் சுரண்டித் திறந்துவிட்டால் அமிலம் அதை அகலமான, வழவழப்பான பள்ளமாக்கிவிடும். மையைத் துடைக்கும்போது பள்ளத்தின் நடுவிலிருந்தும் மை போய்விடும். விளிம்பு கருப்பாகவும் நடு வெளிறியும் அச்சாகும். அதனால் எழுத்தின் உள்ளே நெருக்கமான கோடுகளையும் குறுக்குக் கோடுகளையும் போட்டு நிரப்ப வேண்டும். அதிலும் கவனம் தேவை: நைட்ரிக் அமிலம் ஆழத்தோடு பக்கவாட்டிலும் அரிக்கும், கோடுகள் மிக நெருங்கியிருந்தால் இடைச்சுவர் இடிந்து மறுபடி அதே பள்ளம்தான். அமிலத்தில் கிளம்பும் குமிழிகளை இறகால் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். தள்ளாவிட்டால் கோடு விட்டுவிட்டு அரிபடும். கோடுகள் வெவ்வேறு அழுத்தத்தில் வர, போதுமான அளவு அரித்தவற்றை வார்னிஷால் மூடிவிட்டு மற்றவற்றை மீண்டும் அமிலத்தில் இறக்குவார்கள்.

தூசியோ எண்ணெய்ப் பசையோ இருந்த இடத்தில் பூச்சு விட்டுக்கொடுத்தால் புள்ளி புள்ளியாக அரிக்கும். எழுத்தைச் சுற்றிய வெற்றிடத்தில் அது பளிச்சென்று தெரியும். சுரண்டி, தேய்த்து மெருகேற்றித்தான் போக்க முடியும்.

இப்படி ஒரு தாள் கைக்கு வந்தால், தகட்டுத் தடத்தை (அச்சில் தகட்டின் விளிம்பு தாளில் அழுந்திய தடம்) மட்டும் வைத்து அசல் என்று முடிவு செய்யாதீர்கள். போட்டோகிராவூர் (படத்தைப் புகைப்பட முறையில் தகட்டுக்கு மாற்றி அச்சிடுவது) மறுபதிப்பிலும் தடம் விழும். எழுத்தின் உள்கோடுகளை உருப்பெருக்கியில் பாருங்கள்: எட்சிங்கில் ஊசிக்கோடு தனித்தனியாக, மை லேசாகப் புடைத்து நிற்கும், போட்டோகிராவூரில் பொடிப்பொடியான மணித்தன்மை தெரியும்.