நுகர்வுக் கலாச்சாரத்தைத் திட்டுகிறவர்கள் ஏன் தாங்களே ஸ்மார்ட்போன் வைத்திருக்கிறார்கள்?

மாதச் சம்பளம் வாங்குகிற நகரத்துக்காரர் நீங்கள் என்று நினைக்கிறேன். தப்பில்லை. ஆனால் நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியில் (படகர் ஊர்), தேயிலையை நம்பி வளர்ந்த எனக்கு இந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது.

போன் என்னிடமும் இருக்கிறது. பசுந்தேயிலை விலையை அதில்தான் பார்க்கிறேன். போன் வைத்திருப்பவன் அந்த விலையைப் பற்றிக் கேட்கக் கூடாது என்றால் எப்படி?

அப்பா உருளைக்கிழங்கை விட்டுத் தேயிலைக்கு மாறியபோது சோவியத் யூனியன் நம் தேயிலைத் தூளை அள்ளிக்கொண்டு போனது. 1991-இல் அந்த நாடே இல்லாமல் போனது. 1998-இல் இலங்கையோடு தடையற்ற வணிக ஒப்பந்தம். அதையொட்டி இலை விலை விழுந்ததை எங்கள் ஊரில் யாரும் மறக்கவில்லை. ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் கொழுந்து வேண்டும். பறிகூலி, உரம், வண்டி வாடகை போனால் கையில் ஒன்றும் நிற்காது. அப்பா பறிக்காமலே விட்டார்; செடிகள் மரமாகிவிட்டன. அண்ணன் படிப்பை நிறுத்திவிட்டுத் திருப்பூருக்குப் பனியன் தைக்கப் போனான். இத்தனைக்கும் கடையில் பாக்கெட் டீயின் விலை இறங்கி நான் பார்க்கவில்லை.

"அந்தப் பனியன் வேலையும் உலகமயம் கொடுத்ததுதானே" என்பீர்கள். ஆமாம். அப்படியே, அவன் வாங்கிய கூலியையும் வெளிநாட்டில் அந்தப் பனியன் விற்ற விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பொருள் வாங்குவதே பாவம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் டிவி, பிரிட்ஜ் உண்டு. விளைவிக்கிறவனுக்கு விலையில் பேச்சே இல்லை, வாங்குகிறவருக்கு அது எங்கே விளைந்தது என்ற நினைப்பே இல்லை. இதைத்தான் எதிர்க்கிறேன். ஊட்டிக்கு வருகிறவர்கள் பை பையாக 'ஊட்டி சாக்லேட்' வாங்குகிறார்கள். இந்தக் குளிரில் கோகோ விளையுமா? இங்கே விளைகிற கேரட்டுக்கோ, ரோட்டோரம் உட்கார்ந்திருக்கிற அம்மாவிடம் பத்து ரூபாய் பேரம்.

அப்புறம் இந்த இ-பாஸ், அதாவது வெளியூர் வண்டிகள் நீலகிரிக்கு வர இணையத்தில் பதிந்து வாங்கும் அனுமதி. உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் 2024 மே மாதம் வந்தது. சீசன் நெரிசலைப் பார்த்தவன் என்ற முறையில் அது வேண்டும் என்றே சொல்வேன். ஆனால் கோவையில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை, கார் நீலகிரிப் பதிவெண்ணான டிஎன் 43 இல்லை என்பதால், பிறந்த வீட்டுக்கு வரவும் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. காட்டில் பாட்டில் வீசிவிட்டுப் போகிறவரும் அவளும் ஒன்றா? கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன்: இந்த மலையில் பிறந்தவர் என்று சான்று காட்டினால் போதும், விட்டுவிட வேண்டும்.