ஆட்டுக்குட்டி எங்கே?

அன்புள்ள அண்ணாச்சி,

எனக்குச் சாத்தான்குளம் பக்கம். லெந்து நாள் (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம்) கூட்டத்தில் இந்த வருஷம் மூன்று ராத்திரியும், மோசே காலத்தில் இஸ்ரவேலர் தொழுத ஆசரிப்புக் கூடாரம்தான் பொருள். அதில் உள்ளதெல்லாம் கிறிஸ்துவுக்கு அடையாளமாம். இளநீல நூல் பரலோகம், இரத்தாம்பர நூல் ராஜரிகம், சிவப்பு நூல் சிலுவையின் இரத்தம் என்று போய், கடைசி நாள் தரையில் அடிக்கிற வெண்கல முளையும் கிறிஸ்துதான் என்று பிரசங்கியார் முடித்தார். கூட வந்திருந்த ஆபீஸ் நண்பர் நம் சபையார் அல்ல. திரும்பும்போது பைக்கில் கேட்டார்: "எழுதினவங்க யூதங்க. அவங்க புஸ்தகத்துல உங்க சாமிய நீங்களா ஏத்தி வச்சுப் படிக்கீங்க. இது நியாயமா?" எனக்குப் பதில் வரவில்லை. முளையை விட்டுவிட்டால், பழைய ஏற்பாட்டுப் பலி ஆட்டுக்குட்டியில் இயேசுவைப் பார்ப்பதையும் விடவேண்டி வருமோ என்று பயமாகவும் இருக்கிறது.

ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

முளையை விட்டுவிடலாம், ஒன்றும் ஆகாது. புதிய ஏற்பாட்டில் இந்தக் கூடாரத்தைப் பற்றிப் பேசும் எபிரெயர் நிருபம் எழுதினவரே 9-ஆம் அதிகாரத்தில் குத்துவிளக்கு, மேசை, பெட்டி, கேருபீன் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்து, இதையெல்லாம் விவரமாகப் பேச இப்போது சமயமில்லை என்று நகர்ந்துவிடுகிறார். அவருக்கு இல்லாத சமயம் நம் பிரசங்கியார்களுக்கு மூன்று ராத்திரி கிடைக்கிறது.

எங்கள் வீட்டில் தாத்தாவின் பழைய படம் ஒன்று உண்டு. உபதேசியாராக இருந்தவர். சபைக்காரர்கள் நாலு பேரோடு ஓலைக்கூரைப் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். என் மகனுக்கு ஐந்தாறு வயதிருக்கும்போது அத்தை அந்தப் படத்தை இறக்கித் துடைத்தாள். துடைத்த கை நின்றது. "ஏல, இங்க பாரு, இவன் காது அப்படியே இருக்கு!" நான் பிறந்ததிலிருந்து பார்க்கிற படம், அந்தக் காது அன்றைக்குத்தான் என் கண்ணில் பட்டது. பேரன் வந்த பிறகுதான் ஜாடை தெரிகிறது. அதற்காகத் தாத்தா பேரனுக்குச் சாயல் கொடுக்க மட்டும் வாழ்ந்தவரில்லை. அவருக்கு அவர் ஊழியம், அவர் கடன், அவர் இழுப்பு. அந்தப் படத்தை வெளியாள் ஒருவரிடம் நீட்டி, "இப்படி ஒரு பேரன் வருவான்னு இதிலேயே தெரியலையா?" என்றால் அவர் சிரிப்பார். உங்கள் நண்பர் கேட்டதும் அதுதான். அவர் கேட்டதில் தப்பில்லை.

அத்தை அதோடு விடவில்லை. தாத்தாவின் கைத்தடி சாய்ந்திருக்கிற சாய்வுகூடப் பேரன் நிற்கிற மாதிரி இருக்கிறதாம். உங்கள் வெண்கல முளை அந்தக் கைத்தடிதான். ஆதி சபையிலும் இப்படி அத்தைகள் இருந்தார்கள். பர்னபா பெயரில் வழங்கிய நிருபம் ஒன்று ஆபிரகாமின் 318 ஆட்களை எடுத்துக்கொண்டது. கிரேக்க எண்ணெழுத்தில் 18 என்பது இயேசு என்ற பெயரின் முதல் இரண்டு எழுத்து, 300-க்கு உரிய எழுத்து சிலுவை வடிவம் என்று கணக்குப் போட்டது. ஆபிரகாம் கதை எபிரெயத்தில் அல்லவா இருக்கிறது!

நாம் பின்னாலிருந்துதான் வாசிக்கிறோம் என்பதை ஒத்துக்கொள்ள வெட்கப்படவேண்டாம். இயேசு உயிர்த்த நாளில் எம்மா ஊருக்கு நடந்த சீஷர் இருவரும் வேதம் தெரியாதவர்களா? உயிர்த்தவரே கூட நடந்து மோசே தொடங்கி விளக்கவேண்டியிருந்தது. நம் இடையன்குடி கால்டுவெல் ஐயரும் உட்கார்ந்த திருத்தக் குழு கொடுத்த வேதாகமத்தில், ஆதாம் 'பின்பு வந்தவருக்கு முன்னடையாளமானவன்' என்று ரோமர் 5:14 சொல்கிறது. அங்கே மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல் 'டுப்போஸ்', அடித்துப் பதிந்த தடம். தோமா பார்க்கவேண்டும் என்று அடம்பிடித்த ஆணித் தழும்புக்கும் யோவான் அதே சொல்லைத்தான் போடுகிறார். எனக்கு இது தெரிந்த அன்று வேறு வேலை ஓடவில்லை.

சரி, ஆட்டுக்குட்டிக்கு வருவோம். ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடப் போன கதை, ஆதியாகமம் 22-ஐ மெதுவாக வாசியுங்கள். கட்டையைச் சுமந்துகொண்டு மலையேறுகிற பையன், "தகனபலிக்கு ஆட்டுக்குட்டி எங்கே?" என்கிறான். தேவன் ஆட்டுக்குட்டியைப் பார்த்துக்கொள்வார் என்கிறான் தகப்பன். கடைசியில் புதரில் கொம்பு சிக்கி நிற்பது கடா. கோயில் அசன விருந்துக்கு ஆடு பிடிக்கச் சந்தைக்குப் போனவனிடம் கேளுங்கள், கடா வேறு குட்டி வேறு. (எபிரெயத்தில் மகன் கேட்ட சொல்லுக்கு மந்தையில் ஒன்று என்றும் பொருள் சொல்லலாம், இருக்கட்டும், அங்கேயும் இரண்டும் வேறு சொற்கள்தான்.) கடா கிடைத்து, பலியிட்டு, எல்லாம் முடிந்த பிறகும் அந்த இடத்தைப் பற்றிய வழக்கு என்ன? 'கர்த்தருடைய பர்வதத்திலே பார்த்துக்கொள்ளப்படும்.' 'பார்த்துக்கொண்டார்' என்றல்லவா இருக்கவேண்டும்? பையன் கேட்ட கேள்வி மலையிலேயே நிற்கிறது. யோர்தான் கரையில் யோவான்ஸ்நானன் இயேசுவைப் பார்த்து "இதோ, தேவ ஆட்டுக்குட்டி" என்று கை காட்டும்போது எனக்கு அந்தப் பையன் குரல்தான் கேட்கிறது. இதை யாரும் ஏற்றி வைக்கவேண்டியதில்லை. கதையே இடம் விட்டு வைத்திருக்கிறது.

யூதருக்கு அந்தக் கடா குறையல்ல. தங்கள் வருஷப்பிறப்பில் இதே கதையை வாசித்து, அந்தக் கடாவின் நினைவாகக் கொம்பு ஊதுகிறார்கள். அதை நண்பரிடம் மறைக்காதீர்கள். பிறருக்காகப் பாடுபடுகிற ஒரு தாசனைப் பற்றிய ஏசாயா 53-உம் அப்படித்தான். 11-ஆம் நூற்றாண்டில் ரஷி என்ற யூத உரையாசிரியர் அந்தத் தாசனை இஸ்ரவேல் ஜனம் என்றே வாசித்தார். 41-ஆம் அதிகாரத்தில் 'என் தாசனாகிய இஸ்ரவேலே' என்று வருகிறபோது அவரை எப்படிக் குறை சொல்ல? நான் அங்கே இஸ்ரவேலையும் பார்க்கிறேன், இஸ்ரவேலின் பாரத்தைத் தனியாளாகத் தூக்கினவரையும் பார்க்கிறேன். காது தாத்தாவுடையது, பேரனுடையதும்தான்.

அடுத்த முறை பைக்கில் போகும்போது பிரசங்கத்தைப் பேசவேண்டாம். வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்தி, ஆதியாகமம் 22-ஐ அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் வாய் திறக்கவேண்டாம். கடா வந்ததும் அவர் என்ன கேட்டார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி