ஐந்து உறவுக்கும் ஒரே அங்கிள்

வீட்டில் உருது பேசிக்கொண்டு ஆங்கிலம் படிக்கிற சிலர், ‘அங்கிள்’ என்ற ஒரே சொல்லைப் பற்றி நிறைய கேட்டிருக்கிறீர்கள். நானும் வாணியம்பாடியில் உருது பேசும் வீட்டுப் பிள்ளைதான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

தாயா, சாச்சா, மாமூ, பூபா, காலூ என்று எங்களுக்கு ஐந்து பேர். இதில் யார் அங்கிள்?

ஐந்து பேருமே. அப்பாவின் அண்ணன் தாயா, தம்பி சாச்சா, அம்மாவின் சகோதரர் மாமூ, அத்தை கணவர் பூபா, அம்மாவின் அக்கா தங்கை கணவர் காலூ. இத்தனை நுணுக்கமும் ஆங்கிலத்துக்குப் போனதும் காணாமல் போகிறது. தமிழ் இதில் நடுவில் நிற்கிறது: மாமூவும் பூபாவும் நமக்கு மாமாதான்; காலூவோ பெரியப்பா, சித்தப்பா வரிசையில் சேர்ந்துவிடுகிறார்.

ஆங்கிலமும் ஆதியில் இப்படி இல்லை. பழைய ஆங்கிலத்தில் அப்பாவின் சகோதரருக்கு ஒரு சொல், அம்மாவின் சகோதரருக்கு வேறு சொல். பிரெஞ்சிலிருந்து வந்த அங்கிள் இரண்டையும் ஓரங்கட்டிவிட்டது. அதன் லத்தீன் மூலச் சொல் ‘அவுங்குலுஸ்’ அம்மாவின் சகோதரரை மட்டும்தான் குறித்தது. அந்தக் கணக்கில் உங்கள் மாமூதான் அசல் அங்கிள், மற்ற நால்வரும் பிற்பாடு சேர்ந்தவர்கள்!

கடிதத்தில் எந்த அங்கிள் என்று எப்படிக் காட்டுவது?

அலுவலகக் கடிதமென்றால் அப்பா வழிக்கு ‘பேட்டர்னல் அங்கிள்’, அம்மா வழிக்கு ‘மேட்டர்னல் அங்கிள்’. பேச்சில் இது ரொம்ப விறைப்பாக இருக்கும். ‘மை மதர்ஸ் பிரதர்’ என்றால் போதும். தாயாவா சாச்சாவா என்பது முக்கியமானால் ‘எல்டர்’, ‘யங்கர்’ சேருங்கள். பூபாவுக்கு ‘மை ஆன்ட்ஸ் ஹஸ்பண்ட்’.

‘சலீம் அங்கிள்’ சரியா?

நம் பக்கத்தில் சரி. உருதுவில் ‘சலீம் சாச்சா’ என்று பெயருக்குப் பின்னால் உறவு வருவதால் நமக்கு அப்படியே வருகிறது. இங்கிலாந்தில் ‘அங்கிள் சலீம்’. எழுதும்போது பெயரோடு சேர்ந்தால் முதல் எழுத்து பெரிய எழுத்து; ‘மை அங்கிள்’ என்று பொதுவாகச் சொன்னால் சின்ன எழுத்து. உருது எழுத்தில் பெரியது சின்னது என்ற பேதமே இல்லாததால் இது அடிக்கடி தவறிப்போகும்.

லண்டனில் கடைக்காரரை அங்கிள் என்று கூப்பிட்டேன், முழித்தார். ஏன்?

அங்கே அங்கிள் என்றால் சொந்தக்காரர், இல்லையென்றால் குழந்தைகள் அப்படி அழைக்கும் குடும்ப நண்பர். தெரியாதவரிடம் ‘எக்ஸ்கியூஸ் மீ’ போதும். கராச்சியிலும் லக்னோவிலும் தெரியாதவரை அங்கிள் என்பது மரியாதை. சிங்கப்பூரில் டாக்சி ஓட்டுபவரைக்கூடத் தாராளமாக அங்கிள் என்கிறார்கள். ஆனால் நாற்பது வயதுக்காரரை எந்த ஊரிலும் யோசித்துக் கூப்பிடுங்கள்.

‘கஸின் பிரதர்’ தப்பா?

தெற்காசியாவில் எல்லோருக்கும் புரியும். பிரிட்டனில் வெறும் கஸின்தான். சாச்சாஜாத், மாமூஜாத், காலாஜாத், அதாவது சாச்சா, மாமூ, காலா (அம்மாவின் சகோதரி) பிள்ளைகள் எல்லாம் அதற்குள் அடக்கம்.

‘பாப்ஸ் யுவர் அங்கிள்’ என்கிறார்களே, யார் அந்த பாப்?

யாருமில்லை. ‘இதைச் செய், அதைச் செய், அவ்வளவுதான், முடிந்தது’ என்பதன் கடைசிப் பகுதி அது. பாப் என்பது ராபர்ட்டின் செல்லப்பெயர். பிரிட்டிஷ் பிரதமர் ராபர்ட் சாலிஸ்பரி பிரபு 1887இல் தன் சகோதரி மகன் ஆர்தர் பால்ஃபருக்கு அயர்லாந்து விவகாரங்களைக் கவனிக்கும் பெரிய பதவி கொடுத்தார்; அதிலிருந்து பிறந்த சொல் என்று ஒரு கதை உண்டு. பதவி கொடுத்தது உண்மை, சொல் பிறந்த கதையை நான் அவ்வளவாக நம்புவதில்லை. ஆனால் பால்ஃபருக்கு சாலிஸ்பரி என்ன உறவு பாருங்கள்: மாமூ!