நிவாரணப் பணியில் இளைஞர் தலைமை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் குழுவில் நாற்பது இளைஞர்கள் இருக்கிறார்கள். 'இனி நீங்களே முன்னின்று நடத்துங்கள்' என்று சொல்லிவிட்டோம். ஆனாலும் சின்ன விஷயத்துக்குக்கூட எங்களிடம்தான் வந்து நிற்கிறார்கள். நல்ல பிள்ளைகள் சிலர் இரண்டு மூன்று மாதத்தில் விலகியும் விடுகிறார்கள். எங்கே தவறு?
– ஒரு தொண்டர் குழுவின் ஒருங்கிணைப்பாளர்

பதில்: வேலையைக் கொடுத்திருக்கிறீர்கள். எதுவரை அவர்களே முடிவெடுக்கலாம் என்பதைச் சொல்லியிருக்கமாட்டீர்கள். எல்லை தெரியாதவருக்கு ஒவ்வொன்றையும் கேட்டுச் செய்வதுதான் பாதுகாப்பாகத் தெரியும். இளையோர் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக ஆய்வாளர் ரோஜர் ஹார்ட் 1992-ல் யுனிசெஃப் வெளியீடு ஒன்றில் விளக்கினார். அதன் கீழ் மூன்று படிகளை அவர் பங்கேற்பாகவே எண்ணவில்லை: பிறர் சொல்படி ஆடுவது, அலங்காரத்துக்கு நிற்பது, பெயருக்கு இடம் பெறுவது. சீருடை அணிந்து மூட்டை தூக்கிவிட்டு, கூட்டம் நடக்கும்போது வெளியே காத்திருக்கும் இளைஞர் அந்தக் கீழ்ப்படிகளில்தான் இருக்கிறார். விலகிப் போகிறவர்களில் பலர் வேலை கடினம் என்பதால் போவதில்லை. தங்கள் பேச்சு எடுபடவில்லை என்பதால் போகிறார்கள்.

ஒரு தாளை மூன்று பத்தியாகப் பிரியுங்கள். முதல் பத்தியில், குழுத் தலைவர் யாரையும் கேட்காமல் செய்யக்கூடியவை: யாரை எந்த வேலைக்கு அனுப்புவது, எந்தத் தெருவில் தொடங்குவது, ஆபத்து தெரிந்தால் பணியை நிறுத்துவது. இரண்டாவதில், செய்துவிட்டு அன்றைக்கே தெரிவிக்க வேண்டியவை: வரம்புக்கு உட்பட்ட செலவு, விநியோக நேர மாற்றம். மூன்றாவதில், முன்கூட்டிக் கேட்க வேண்டியவை: பெரிய செலவு, செய்தியாளரிடம் பேசுவது, குழந்தைப் பாதுகாப்பு தொடர்பான எந்தப் புகாரும். இதை இளைஞர்களோடு உட்கார்ந்து எழுதுங்கள். பணியை நிறுத்தும் உரிமை முதல் பத்தியில் இருப்பது கட்டாயம். களத்தில் நிற்பவர், தூரத்தில் இருப்பவரின் அனுமதிக்காகக் காத்திருக்கும் அந்தச் சில நிமிடங்களில்தான் ஆள் காயப்படுகிறார்.

பணமில்லாத தலைமை வெறும் பேச்சு. சிறு தொகை ஒன்றைக் கைச்செலவுக்குக் கொடுங்கள். எண்ணுவது இருவர், கையெழுத்தும் இருவர். ரசீதை அன்றைக்கே படமெடுத்துச் சேர்க்க வேண்டும். முந்தைய கணக்கு முடிந்த பிறகே அடுத்த தொகை. இது நம்பாமையால் வைக்கும் கட்டுப்பாடல்ல. பிறகு யாராவது பழி சொன்னால் அந்த இளைஞரைக் காப்பது இந்தக் காகிதம்தான்.

நாற்பது பேருக்கு ஒரே தலைவரும் சரிவராது. ஒருவரின் நேரடிப் பொறுப்பில் மூன்று முதல் ஏழு பேர், இயன்றால் ஐந்து பேர் என்பதே அவசரகால நிர்வாகத்தில் உள்ள கணக்கு. அப்படியானால் உங்களுக்கு எட்டுக் குழுத் தலைவர்களும், அவர்களுக்குத் துணைத் தலைவர்களும் தேவை. முதல் முறை புதிய தலைவர், அனுபவசாலி செய்வதைப் பார்க்கட்டும். அடுத்து இருவரும் சேர்ந்து செய்யட்டும். மூன்றாம் முறை அவர் தனியே நடத்த, அனுபவசாலி தொலைபேசியில் கிடைத்தால் போதும்.

இதெல்லாம் செய்தும் ஒரே ஒரு செயலால் பாழாகும்: மக்கள் முன்னிலையில் மூத்தவர் ஒருவர் குறுக்கே வந்து இளைஞரின் முடிவை மாற்றுவது. அதன்பின் அந்த இடத்தில் யாரும் அந்த இளைஞர் சொல்வதைக் கேட்கமாட்டார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் ஒழிய, திருத்தத்தைப் பணி முடிந்த பின் வைத்துக்கொள்ளுங்கள். அதற்காக அன்றன்றைக்கு இருபது நிமிடம் ஒதுக்குங்கள். என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது, ஏன் வேறுபட்டது, அடுத்த முறை எதை மாற்றுவது – இந்த நான்கு கேள்விகள் போதும். கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் பேசட்டும். மூத்தவர் முதலில் பேசினால் மற்றவர்கள் ஆமாம் போட்டுவிடுவார்கள்.

கேள்வி: எனக்கு 16 வயது. நன்றாக நீந்துவேன். வெள்ளத்தில் மீட்புப் பணிக்குப் போகலாமா?
– பள்ளி மாணவர்

பதில்: கூடாது. 1989-ம் ஆண்டின் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின்படி 18 வயதுக்குக் குறைந்தவர் குழந்தை. உங்களை ஆபத்தில் இறக்கும் குழு பொறுப்பான குழு அல்ல. குளத்தில் நீந்தும் திறமை ஓடும் வெள்ளத்தில் உதவாது. வேகமாக ஓடும் நீர் 15 செ.மீ. ஆழம் இருந்தாலே பெரியவரின் காலை வாரிவிடும், 60 செ.மீ. நீர் பெரும்பாலான வாகனங்களை அடித்துச் செல்லும். கலங்கிய நீருக்கு அடியில் திறந்த சாக்கடையும் அறுந்த மின்கம்பியும் கண்ணுக்குத் தெரியாது.

கரையில் நீங்கள் தலைமை ஏற்கக்கூடிய வேலைகள் இருக்கின்றன. தனியே வசிக்கும் முதியவர், மாற்றுத்திறனாளி, கர்ப்பிணி யார் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்ற பட்டியலை மழைக்காலத்துக்கு முன்பே தயாரிக்கலாம். முகாமில் சிறுவர்களுக்கான விளையாட்டு நேரத்தை நடத்தலாம். பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதம், அருகிலேயே பொறுப்பான பெரியவர்கள், எப்போதும் இருவராகச் செல்வது, இருட்டுவதற்குள் வீடு திரும்புவது – இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் 'வரமாட்டேன்' என்று சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் இளைஞர்கள் வீடு வீடாகப் போய்த் தேவைக் கணக்கெடுத்தார்கள். பட்டியல் வெளியானதும் ஊரில் சண்டை வந்துவிட்டது. 'வேண்டியவர்களுக்கு எழுதிவிட்டார்கள்' என்கிறார்கள். எப்படிச் செய்திருக்க வேண்டும்?
– நிவாரணக் குழு உறுப்பினர்

பதில்: பெரும்பாலும் பெயர்களால் சண்டை வருவதில்லை. எதை வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது தெரியாததால் வருகிறது. எனவே கணக்கெடுப்புக்கு முன்பே தகுதி வரைமுறையைப் பொதுவில் உரக்கப் படியுங்கள், எழுதி ஒட்டுங்கள். 'ஏழைகள்' என்று எழுதாதீர்கள். ஆளுக்கு ஆள் அளவு மாறும். 'கூரை இழந்த வீடு', 'சம்பாதிப்பவர் இல்லாத குடும்பம்', 'இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீடு' என்று கண்ணால் சரிபார்க்கக்கூடியதாக எழுதுங்கள்.

படிவம் ஒரே பக்கத்தில் முடியட்டும். வீட்டில் எத்தனை பேர், வயதுவாரியாக, ஆண் பெண் எத்தனை, நடக்க இயலாதவர் உண்டா, குடிநீர் எங்கிருந்து, கழிப்பறை பயன்படுத்தும் நிலையில் உள்ளதா, மருந்து தொடர்ந்து தேவைப்படுபவர் உண்டா. பத்து வீடுகளில் சோதித்துப் பார்த்துவிட்டுத் திருத்துங்கள். இருவராக அனுப்புங்கள், ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். ஒருவரின் உறவினர் வீடுள்ள தெருவுக்கு அவரையே அனுப்பாதீர்கள். ஊர்ப் பிரமுகரிடம் மட்டும் கேட்டு எழுதினால் அவருக்குத் தெரிந்த வீடுகள் மட்டுமே பட்டியலில் இருக்கும். வாடகைக்கு இருப்பவர்கள், வெளியூர்த் தொழிலாளர்கள், ஊரின் ஓரத்தில் வசிப்பவர்கள் இப்படித்தான் விடுபடுகிறார்கள். பெண்களிடம் தனியாகக் கேட்டால்தான் கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கில்லை என்பது போன்ற விஷயங்கள் வெளியே வரும்.

பட்டியலுக்கும் விநியோகத்துக்கும் இடையே ஒரு நாளாவது முறையீட்டுக்கு விடுங்கள். பட்டியல் எடுத்தவரே முறையீட்டை விசாரிக்கக் கூடாது.

எடுத்த எண்களை உடனே தேவையாக மாற்றப் பழக்குங்கள். கணக்கு கையில் இருந்தால் அதிகாரிகள் முன்னிலையிலும் இளைஞரின் பேச்சுக்கு மதிப்பு உண்டு. நிவாரணப் பணிக்கான சர்வதேசத் தர வழிகாட்டியான ஸ்ஃபியர் கையேட்டின் குறைந்தபட்ச அளவுகளை வைத்துப் பாருங்கள். 600 பேர் உள்ள முகாமில் ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் என்றால் 9,000 லிட்டர். 250 பேருக்கு ஒரு குழாய் என்றால் மூன்று குழாய்கள். தொடக்கத்தில் 50 பேருக்கு ஒரு கழிப்பறை, அதாவது 12; நிலைமை சீரானதும் 20 பேருக்கு ஒன்று, அதாவது 30. தண்ணீருக்காக அரைமணி நேரத்துக்கு மேல் வரிசையில் நிற்க வைக்கக் கூடாது.

அடையாள அட்டையைப் படமெடுப்பது, பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போடுவது இரண்டும் வேண்டாம். தனியாக வாழும் பெண்ணின் பெயரும் வீடும் கைபேசி கைபேசியாகப் பரவினால், உதவி வந்து சேருமுன் ஆபத்து வந்துவிடும்.

கேள்வி: விநியோகத்தின்போது தள்ளுமுள்ளு ஏற்படுகிறது. காவலர்களை அழைப்பதுதான் வழியா?
– தன்னார்வலர்

பதில்: முதலில் நேரத்தைக் கணக்கிடுங்கள். ஒரு மேசையில் ஒரு குடும்பத்துக்கு இரண்டு நிமிடம் ஆனால் மணிக்கு 30 குடும்பங்கள். 300 குடும்பங்களை ஒரே மேசைக்கு வரச் சொன்னால் கடைசிக் குடும்பம் பத்து மணி நேரம் நிற்கும். தள்ளுமுள்ளு அங்கேதான் தொடங்குகிறது. மூன்று மேசை போட்டு, நேரம் எழுதிய டோக்கனை முந்தைய நாளே கொடுங்கள். உள்ளே வரும் வழியும் வெளியே போகும் வழியும் வேறாக இருக்கட்டும். நிற்க முடியாதவர்களுக்குத் தனி வரிசை வேண்டும், நிழலும் குடிநீரும் வேண்டும். பொருள் போதாது என்று தெரிந்த உடனே, வரிசையில் நிற்பவர்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: பொருள் கொடுப்பவர் தன் கட்சிப் பதாகையோடு படம் எடுக்க வேண்டும் என்கிறார். இளம் குழுத் தலைவி என்ன சொல்வார்?

பதில்: 'பொருளை ஏற்கிறோம், பதாகை வேண்டாம்.' 1965-ல் வியன்னாவில் ஏற்கப்பட்ட செஞ்சிலுவை இயக்கத்தின் ஏழு அடிப்படைக் கொள்கைகளில் பாரபட்சமின்மையும் நடுநிலையும் உண்டு. பதாகை ஏறிய நாளிலிருந்து எதிர்த்தரப்புத் தெருவில் உங்கள் குழு நுழைவது கடினம். இதை எழுதப்பட்ட விதியாக வைத்து, மூத்தவர்கள் கையெழுத்திட்டுக் கொடுங்கள். குழுத் தலைவி தனியாக வாதாட வேண்டியிராது.

கேள்வி: பாதிக்கப்பட்டவர்களின் அழுகையைக் கேட்டுக் கேட்டு எங்கள் பிள்ளைகளே உடைந்துபோகிறார்கள். என்ன செய்வது?
– கல்லூரி ஆசிரியை

பதில்: 2011-ல் உலகச் சுகாதார நிறுவனம் பங்கேற்று வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு மூன்று செயல்களைச் சொல்கிறது: பாருங்கள், கேளுங்கள், பாதிக்கப்பட்டவரை உதவியோடு இணைத்துவிடுங்கள். நடந்ததை விவரமாகச் சொல்லும்படி தூண்டுவது இதில் இல்லை. 'எல்லாம் சரியாகிவிடும்' என்ற வாக்குறுதியும் இல்லை. இதைப் பழகிய பிள்ளைகள், எல்லோருடைய துயரத்தையும் தாங்களே தீர்க்க வேண்டும் என்ற பாரத்தைக் கொஞ்சம் இறக்கி வைக்கிறார்கள். பணி நேரத்துக்கு வரம்பும், வாரத்தில் ஒரு நாள் கட்டாய ஓய்வும் வையுங்கள். ஓய்வு நாளில் அழைப்பு போகக் கூடாது. தூக்கமின்மை, எரிச்சல், யாரிடமும் பேசாமல் ஒதுங்குவது ஆகியவை பல நாட்கள் நீடித்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இதைச் சொல்ல முன்வந்தவரின் பொறுப்பைத் தண்டனைபோலப் பறித்துவிடாதீர்கள். அடுத்தவர் மறைக்கத் தொடங்குவார்.

கேள்வி: நன்றாக நடத்திக்கொண்டிருந்த குழுத் தலைவர் வேலை கிடைத்து வெளியூர் போகிறார். எல்லாமே அவர் தலையில்தான் இருந்தது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அவர் கிளம்புமுன் ஒருநாள் முழுக்க உட்கார வைத்து, யாரை எதற்குத் தொடர்புகொள்வது என்ற பட்டியல், இருப்புப் பதிவேடு, பாதியில் நிற்கும் வாக்குறுதிகள் ஆகிய மூன்றையும் எழுதி வாங்குங்கள். பெரும்பாலும் விடுபடுவது வாக்குறுதிகள்தான். 'தார்ப்பாய் தருகிறேன்' என்று ஒரு குடும்பத்திடம் அவர் சொன்னது புதியவருக்குத் தெரியாது. மருத்துவ அலுவலர், உள்ளாட்சி அலுவலர் போன்றவர்களிடம் புதியவரை அவரே நேரில் அழைத்துப் போய் அறிமுகப்படுத்தட்டும். கிடங்குச் சாவியும் இணையக் கணக்கின் கடவுச்சொல்லும் ஒரே நாளில் கைமாறிவிடும். வங்கிக் கணக்கில் கையெழுத்து மாற்றத்தான் நாளாகும். அந்த விண்ணப்பத்தை இன்றைக்கே கொடுங்கள்.