ட்ரோனில் கடற்கரை: மாட்டுங்காவில் கேட்டவையும் சொன்னவையும்

போன ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவில் மும்பைத் தமிழ் நண்பர்கள் சிலர் கூடிப் புகைப்படம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். கொங்கண் கடற்கரையை ட்ரோனில் படமெடுத்து வருபவன் என்பதால் கேள்விகளெல்லாம் என் பக்கமே வந்தன. நேரம் போதவில்லை, மீதிப் பேர் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

செம்பூர், கல்லூரி மாணவர்: அண்ணா, என் ட்ரோன் 249 கிராம்தான். ஜூஹு கடற்கரையில் காலையில் யாரும் இல்லாதபோது ஐந்து நிமிடம் பறக்கவிட்டால் என்ன ஆகிவிடும்?

வேண்டாம் தம்பி. ஜூஹு கடற்கரையை ஒட்டியே ஹெலிகாப்டர்கள் ஏறி இறங்கும் விமானதளம் இருக்கிறது. கொஞ்சம் தள்ளி சாந்தாகுரூஸ் விமான நிலையம். தெற்கே போனால் கடற்படைத் தளம், கிழக்கே டிராம்பேயில் அணு ஆராய்ச்சி மையம். இது போதாதென்று நகரக் காவல்துறை அவ்வப்போது தடை உத்தரவு போட்டு, ட்ரோன், பாராகிளைடர் எல்லாவற்றையும் நிறுத்திவைக்கும்.

2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரை 'நானோ' வகை. அதற்குப் பைலட் சான்றிதழ் தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் எடை குறைந்தால், பறக்கத் தடையுள்ள சிவப்பு மண்டலம் தடையில்லாத பச்சை மண்டலமாகிவிடாது. ஐந்து நிமிடத்தில் தாழப் பறந்து வரும் ஒரு ஹெலிகாப்டர் போதும். மும்பைக்குள் ட்ரோனை வெளியே எடுக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

டோம்பிவிலி, மென்பொருள் ஊழியர்: அப்படியென்றால் எங்கேதான் போவது? தார்கர்லியில் எடுத்த வீடியோக்கள் நிறைய பார்த்திருக்கிறேன். அங்கே போகலாமா?

அந்த வீடியோக்கள் எந்த வருடத்தவை என்று பாருங்கள். தார்கர்லி, தேவ்பாக் பக்கத்திலேயே சிப்பி என்ற ஊரில் 2021 அக்டோபரில் சிந்துதுர்க் விமான நிலையம் திறந்துவிட்டார்கள். இயங்கும் விமான நிலையத்தைச் சுற்றி 12 கிலோமீட்டர் வரை கட்டுப்பாடு உண்டு. பழைய வீடியோவை நம்பிப் போகிறவர்கள் மாட்டிக்கொள்வது இப்படித்தான். கிளம்புவதற்கு முந்தைய நாள், எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடத்தைப் பாருங்கள். போனதும் உள்ளூர் காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

திவேஆகர், ஹர்ணை, குஹாகர் பக்கமெல்லாம் நீளமான, கூட்டமில்லாத கரைகள் உண்டு. கோட்டைகள் மேல் மட்டும் பறக்கவிடாதீர்கள். சிந்துதுர்க், சுவர்ணதுர்க் இரண்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. தனி அனுமதி வேண்டும். 2025இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டில் இவையும் உண்டு, நம்ம ஊர் செஞ்சியும் உண்டு.

முலுண்ட், வங்கி ஊழியர்: சார், 120 மீட்டர் வரை ஏற்றி எடுக்கிறேன். ஆனாலும் படம் சப்பென்று இருக்கிறது. கூகுள் வரைபடம் மாதிரி தெரிகிறது.

இறக்குங்கள் சார். பச்சை மண்டலத்தில் 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை போகலாம் என்பது சட்டம் தரும் உச்சவரம்பு. அங்கே போனால்தான் படம் வரும் என்று அர்த்தமில்லை.

ஒரு கணக்கு சொல்கிறேன். பெரும்பாலான சிறிய ட்ரோன்களில் 24 மில்லிமீட்டர் லென்ஸுக்குச் சமமான பார்வை இருக்கும். 120 மீட்டரிலிருந்து நேர் கீழே பார்த்தால் ஏறக்குறைய 170க்கு 130 மீட்டர் பரப்பு படத்தில் விழும். அதில் ஒரு மனிதர் கடுகு மாதிரி. 40 மீட்டருக்கு இறங்கினால் பரப்பு 58க்கு 43 ஆகிவிடும். மனிதர் தெரிவார், அவர் நிழல் தெரியும், ஈர மணலில் காலடித் தடமும் தெரியும். நான் எடுத்ததில் எனக்குப் பிடித்தவை பெரும்பாலும் 30 முதல் 60 மீட்டருக்குள் எடுத்தவைதான்.

நம்ம ஊரில் கரைவலை என்கிறோமே, அதைக் கொங்கணில் ராப்பண் என்பார்கள். ஒருநாள் காலையில் அந்த வலையை இழுப்பதை 45 மீட்டரிலிருந்து எடுத்தேன். கடலுக்குள் வலை ஒரு பெரிய லாடம் மாதிரி வளைந்து கிடந்தது. அதன் இரண்டு முனைகளிலிருந்தும் கயிறு கரைக்கு வர, கயிற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பேர், எல்லாரும் பின்னால் சாய்ந்தபடி. காலைச் சூரியனில் அவர்களுடைய நிழல் ஆளைவிட மூன்று மடங்கு நீளம். மேலிருந்து பார்த்தால் ஆட்களைவிட நிழல்தான் வலையை இழுக்கிறது என்று தோன்றும். 120 மீட்டரிலிருந்து அதையே எடுத்திருந்தால் ஒரு கோடும் சில புள்ளிகளும்தான் மிஞ்சியிருக்கும்.

அவர்களிடம் முதலில் கேட்டுவிட்டுத்தான் பறக்கவிட்டேன். முடிந்ததும் போனில் படத்தைக் காட்டினேன். வயதானவர் ஒருவர் தன் நிழலைத் தொட்டுக் காட்டி, பக்கத்தில் நின்றவரிடம் மராத்தியில் ஏதோ சொல்லிச் சிரித்தார்.

முழுத் தீவும் ஒரே படத்தில் வேண்டுமென்றால் அது வேறு வேலை. சிந்துதுர்க் கோட்டை இருக்கும் தீவு சுமார் 48 ஏக்கர். அவ்வளவு பெரிய இடம் 120 மீட்டரிலிருந்து நேர் கீழே பார்த்தால் ஒரு படத்தில் அடங்காது. தள்ளி நின்று சாய்த்து எடுக்க வேண்டும், அல்லது வரிசையாக எடுத்து ஒட்ட வேண்டும்.

தாராவி, கல்யாண போட்டோகிராபர்: தண்ணீர் கண்ணாடி மாதிரி பளீரென்று அடிக்கிறது அண்ணே. போலரைசர் ஃபில்டர் வாங்கினால் சரியாகிவிடுமா?

பாதி சரியாகும். எந்தப் பாதி என்று தெரிந்து வாங்குங்கள்.

தண்ணீரில் பட்டுத் திரும்பும் ஒளியைப் போலரைசர் தடுப்பது ஒரு குறிப்பிட்ட கோணத்தில்தான் நன்றாக நடக்கும். தண்ணீருக்கு அது, கேமராவை அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 37 டிகிரி கீழே சாய்த்தால் வரும் கோணம். அங்கே ஃபில்டர் போட்டால் பளபளப்பு விலகி அடியில் கிடக்கும் பாறை தெரியும். ஆனால் கேமராவை நேர் கீழே திருப்பிவிட்டால் போலரைசருக்கு அங்கே வேலையே இல்லை. கொஞ்சம் வெளிச்சத்தை விழுங்குவதுதான் மிச்சம்.

இன்னொரு நல்ல விஷயம். தண்ணீர்ப் பளபளப்பு எந்தத் திசையில் பார்த்தாலும் கிடைமட்டமாகவே இருக்கும். அதனால் தரையில் வைத்து ஒருமுறை ஃபில்டரைச் சரியாகத் திருப்பிவிட்டால் ட்ரோன் எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீருக்கு அது வேலை செய்யும். வானம் மட்டும் திசைக்குத் திசை மாறும்.

நேர் கீழே எடுக்கும்போது பளபளப்பைத் தவிர்ப்பது சூரியனின் உயரம்தான். சூரியன் உச்சியில் இருந்தால் படத்தின் நடுவில் ஒரு வெள்ளைத் திட்டு விழும். 40 டிகிரிக்குக் கீழே இருந்தால் அந்தத் திட்டு படத்துக்கு வெளியே போய்விடும். மே மாதம் நடுவில் மும்பையில் நிழலே விழாத நாள் வருமே, அந்தச் சமயத்தில் நடுப்பகலில் கடலை எடுப்பது வீண். டிசம்பரில் நடுப்பகலில்கூடச் சூரியன் 50 டிகிரியைத் தாண்டாது. அதனால் அப்போது பகல் முழுக்க ஓரளவு சமாளிக்கலாம். நான் நம்புவது குளிர்காலத்தில் காலை எட்டரையிலிருந்து பத்து வரை.

அப்புறம், நீங்கள் காசு வாங்கிக்கொண்டு எடுப்பவர். 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைத் தொழிலுக்குப் பயன்படுத்தினால் ரிமோட் பைலட் சான்றிதழ் கட்டாயம். பொழுதுபோக்குக்கு உள்ள சலுகை உங்களுக்கு இல்லை.

மாட்டுங்கா, ஓய்வுபெற்ற ஆசிரியை: லட்சத்தீவுக் கடல் அப்படி ஒரு நீலமாக இருக்கிறதே. நம் மும்பைக் கடல் ஏன் டீத் தண்ணீர் மாதிரி இருக்கிறது?

நல்ல கேள்வி டீச்சர். தண்ணீர் சிவப்பு ஒளியை விழுங்கும், நீலத்தை விட்டுவிடும். லட்சத்தீவில் பவளம் உடைந்து உண்டான வெள்ளை மணல் ஆழமில்லாத காயலுக்கு அடியில் விரிந்து கிடக்கிறது. மேலே விழும் ஒளி அந்த மணலில் பட்டுத் திரும்பி வருவதற்குள் சிவப்பு குறைந்துவிடும். மீதிதான் நாம் பார்க்கும் அந்தப் பச்சை கலந்த நீலம். மும்பையைச் சுற்றிக் கழிமுகங்களும் சேற்றுப் படுகைகளும். ஓதம் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறி இறங்கி அந்த வண்டலைக் கலக்கிக்கொண்டே இருக்கிறது.

கொங்கணிலும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை தண்ணீர் ஓரளவு தெளியும். இல்லாத நீலத்தைக் கணினியில் ஏற்றாதீர்கள். சேற்றின் நிறத்திலும் அழகு உண்டு. கடல் வற்றி இறங்கிய பிறகு சேற்றில் தண்ணீர் ஓடிய தடங்கள் மேலிருந்து பார்த்தால் வேர் பிரிந்து போவது மாதிரி இருக்கும்.

நெருல், பொறியாளர்: ஓதம், காற்று இரண்டையும் எப்படிக் கணக்கு வைக்கிறீர்கள்?

அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஒன்றிரண்டு நாள் முன்பின்னாகப் போவேன். அப்போதுதான் கடல் அதிகம் ஏறி அதிகம் இறங்கும். மும்பைப் பக்கம் இந்த வித்தியாசம் மிகப் பெரிது, மழைக்காலத்தில் 4.5 மீட்டருக்கு மேல் ஏறும் நாட்களை மாநகராட்சியே முன்கூட்டி அறிவிக்கிறது. வற்றம், அதாவது கடல் முழுக்க இறங்கி நிற்கும் நேரம், ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். காலையில் வெயில் வந்தபின் வற்றம் விழும் நாளைப் பிடித்தால் சூரியனும் சரியாக அமையும், மணல் வரிகளும் கிடைக்கும்.

காற்றில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். விடியற்காலையில் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். ட்ரோன் சுகமாகக் கடலுக்குள் போய்விடும், திரும்பும்போதுதான் எதிர்க்காற்று. போக ஆன பேட்டரியே வரவும் போதும் என்று நினைத்தால் பாதி வழியில் நின்றுவிடும். அதனால் காலையில் பேட்டரி 50 சதவீதம் தொட்டதும் நான் திருப்பிவிடுவேன், எவ்வளவு நல்ல காட்சியாக இருந்தாலும். பிற்பகலில் கடற்காற்று கரையை நோக்கி வீசும், திரும்பி வருவது எளிது. ஆனால் காற்றின் பலமும் கூடியிருக்கும்.

வாஷி, விற்பனைப் பிரதிநிதி: படகிலிருந்து ஏற்றலாமா?

ஏற்றலாம். ஆனால் நான் ஒரு ட்ரோனை இழந்தது அப்படித்தான்.

ஹர்ணையில் ஒரு மீனவரின் படகில் போயிருந்தோம். ஏற்றினேன், பத்து நிமிடம் எடுத்தேன். சிக்னல் விட்டுவிட்டு வந்ததால் 'வீட்டுக்குத் திரும்பு' பொத்தானை அழுத்தினேன். ட்ரோனுக்கு வீடு என்பது அது கிளம்பிய ஜிபிஎஸ் புள்ளி. படகு அதற்குள் இருநூறு மீட்டர் நகர்ந்துவிட்டது. ட்ரோன் மிகச் சரியாகப் பழைய இடத்துக்கு வந்து, மிக நிதானமாகத் தண்ணீருக்குள் இறங்கியது. மீனவர் படகைத் திருப்பி விரட்டிக்கொண்டு போனார். நாங்கள் போய்ச் சேரும்போது அலையில் ஒரு சிவப்பு விளக்கு இரண்டு முறை மின்னியது, அவ்வளவுதான். அன்று எடுத்த படங்களும் அதோடு போய்விட்டன.

ஆகவே படகில் வீட்டுப் புள்ளியை அடிக்கடி புதுப்பியுங்கள், அல்லது ரிமோட் இருக்கும் இடத்துக்குத் திரும்பும்படி அமையுங்கள். இஞ்சின் பக்கம் வைத்து ஏற்றாதீர்கள். அதன் இரும்பு ட்ரோனின் திசைகாட்டியைக் குழப்பும். தண்ணீருக்கு மேல் ஐந்து மீட்டருக்குக் கீழே போகாதீர்கள். அடியிலிருக்கும் சென்சார் அசையும் அலையைத் தரை என்று நினைத்து, ட்ரோனை அதோடு நகர்த்தும்.

சயான், இல்லத்தரசி: தம்பி, பறவைகளுக்கு இதனால் தொந்தரவு இல்லையா?

உண்டும்மா. கரையில் கூட்டமாக உட்கார்ந்திருக்கும் ஆலாக்கள் ட்ரோன் சத்தத்தில் ஒரேயடியாக எழும்பிவிடும். அந்தப் படம் அழகாக இருக்கும், அதற்காகவே எழுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். வெகு தூரம் பறந்து வந்து இளைப்பாறும் பறவையை ஒரு படத்துக்காக விரட்டக்கூடாது. வெண்வயிற்றுக் கடற்கழுகு கூடு கட்டியிருக்கும் மரத்துப் பக்கம் போகவே கூடாது. வேளாஸ் மாதிரி ஆமைகள் முட்டையிடும் கரைகளில், குஞ்சுகள் கடலுக்குப் போகும் நேரத்தில் ட்ரோனைப் பெட்டியைவிட்டு எடுக்காதீர்கள். குனிந்து உட்கார்ந்து கண்ணால் பாருங்கள்.

அந்தேரி, புதுமணத் தம்பதி: மாலத்தீவு போகிறோம். ட்ரோன் கொண்டு போகலாமா? மணல் படத்தில் சாம்பல் நிறமாக வருகிறது என்கிறார்களே?

வாழ்த்துகள். பேட்டரிகளைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், முனைகளில் டேப் ஒட்டி. தங்கும் ரிசார்ட்டிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள், அந்நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி பற்றியும் அவர்களிடமே கேளுங்கள். அங்கே கடல் விமானங்கள் தீவுக்குத் தீவு தாழப் பறக்கும்; அந்தச் சத்தம் கேட்டதும் இறக்கிவிடுங்கள். லட்சத்தீவுக்கும் இதே புத்திதான்: நிர்வாகத்தின் அனுமதித் தாள் கையில் இல்லாமல் ட்ரோனைப் பெட்டியில் வைக்காதீர்கள்.

மணல் சாம்பலாவது கேமராவின் கணிப்பால். வெள்ளை நிறைந்தால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும். எக்ஸ்போஷரை அரையிலிருந்து முக்கால் ஸ்டாப் ஏற்றுங்கள், நுரை வெளுத்துப் போகாமல், திரையில் வெளிச்சத்தின் அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்த்துக்கொண்டே. ரா ஃபைலாக, அதாவது கேமரா சுருக்காத மூலக் கோப்பாக எடுங்கள்.

கல்யாண், மெக்கானிக்: மணலும் உப்பும் மோட்டாரை என்ன செய்யும்?

கொங்கணில் சில இடங்களில் மணலோடு கறுப்பாக இரும்புத் துகள் கலந்திருக்கும். மோட்டாரின் காந்தம் அதை இழுத்துக்கொள்ளும். ஒருமுறை மோட்டாருக்குள் எட்டிப் பார்த்தேன், மீசை முளைத்த மாதிரி கறுப்பாக நின்றது. ஊதினால் போகாது, ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுங்கள். மணலிலிருந்து நேராக ஏற்றாமல் பாய் ஒன்றை விரியுங்கள். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்துவிடுங்கள்.

காட்கோபர், பிளஸ் டூ மாணவி: ட்ரோன் வாங்க வசதி இல்லை அண்ணா. மேலிருந்து எடுக்க வேறு வழி உண்டா?

உண்டும்மா. கொங்கணில் கடலை ஒட்டியே குன்றுகளும் பாறை மேடுகளும் இருக்கின்றன. ஹரிஹரேஷ்வர் மாதிரி இடத்தில் மேட்டிலேறி நின்றால் கரை காலடியில் கிடக்கும், போன் போதும். என்றைக்காவது கொச்சியிலிருந்து லட்சத்தீவின் அகத்தித் தீவுக்குப் போனால் ஜன்னல் சீட்டு கேளுங்கள். அங்கே போகும் ஏடிஆர் என்ற சிறிய விமானத்துக்கு இறக்கை மேலே இருப்பதால் கீழே மறைக்காது. லென்ஸைக் கண்ணாடிக்கு மிக அருகில், ஆனால் அதைத் தொடாமல் பிடியுங்கள். தொட்டால் விமானத்தின் அதிர்வு படத்துக்கு வந்துவிடும். போலரைசரைக் கழற்றிவிடுங்கள், அந்தப் பிளாஸ்டிக் ஜன்னலில் வானவில் கோடுகள் விழும். இறங்குவதற்கு முன் விமானம் திரும்பும்போது காயலின் விளிம்பு தெரியும். அப்போது எடுத்துவிடுங்கள், ஒரு நிமிடம்கூட இருக்காது.